நாற்பத்தெட்டு பாயிண்டில் ஒரு மகள்

கிழக்கேகோட்டையில் பஸ்கள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எனக்கு டிடிபி கடை. முப்பது வருஷமாக அதே சந்து, அதே சாக்கடை நாற்றம். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், புதுவீட்டுப் பால்காய்ச்சுக் கார்டு, செத்தவர்களுக்குக் கறுப்புக் கட்டம் கட்டிய அஞ்சலி போஸ்டர், எல்லாம் அடிப்பேன். மலையாளமும் உண்டு, தமிழும் உண்டு. தமிழ் அடிக்க இந்த மலையாள ஊரில் ஆள் குறைவு என்பதால் வலியசாலை, ஸ்ரீவராகம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் என்னிடம்தான் வரும்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இத கொஞ்சங்கூடி பெரிசாக்குங்க."

பெயரைப் பெரிதாக்கினால் தேதி சின்னதாகத் தெரியும். தேதியைப் பெரிதாக்கச் சொல்வார்கள். பிறகு மண்டபத்தின் பெயர். பிறகு தாய்மாமன் பெயர், இல்லாவிட்டால் அவர் கோபித்துக்கொள்வார். கடைசியில் காகிதம் முழுக்கக் கூச்சலாக இருக்கும். எது முக்கியம் என்று ஒருவருக்கும் தெரியாது. திருப்தியாக வாங்கிக்கொண்டு போவார்கள்.

அவர்களை நான் எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறேன். எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. அவர்களைவிட மோசமான வேலையைச் செய்தவன் நான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கவிதை எழுதுவேன். இங்குள்ள தமிழ் அமைப்பு ஒன்று ஆண்டுதோறும் மலர் போடும். மலரை அடித்துக் கொடுப்பதும் நான்தான், அதில் கவிதை எழுதுவதும் நான்தான். என் கவிதையின் பக்கத்தை நானே வடிவமைப்பேன். துக்கம் என்றால் கறுப்புப் பின்னணி. கோபம் என்றால் தடித்த எழுத்து. தனிமை என்றால் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவில் பெரிய இடைவெளி. ஆச்சரியக்குறி மூன்றுக்குக் குறையாது. ஒரு வரிக்குச் சொல் தேடி நான் அரைமணி நேரம் உட்கார்ந்தது கிடையாது. எழுத்துருவைத் தேடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுக்கு ஒரு மகள் இருந்தாள். ஆறு வயதில் எலிக்காய்ச்சலில் இறந்துபோனாள். மழைக்காலம் முடிந்து தெருவில் தண்ணீர் வடியாத நேரம். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மூன்றாம் நாள் சாயங்காலம் முடிந்துவிட்டது. இருபத்தைந்து வருஷம் ஆகிறது.

எங்கள் வழக்கத்தில் சின்னக் குழந்தை இறந்தால் எரிப்பதில்லை, புதைப்போம். பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாடு கிடையாது. ஊரைக் கூப்பிட வேண்டியதில்லை, அதனால் கார்டும் கிடையாது. ஊரில் யார் செத்தாலும் கார்டு அடித்துக் கொடுக்கிறவனுக்குச் சொந்த மகளுக்கு அடிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்லை. கடையில் உட்கார்ந்து அடுத்தவர்களின் அப்பாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் கறுப்புக் கட்டம் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் அந்தக் கட்டத்துக்குள்ளேயே கவிதை எழுதினேன். கார்டுக்குப் பதிலாகக் கவிதை. என்னைப் போன்ற தொழில்காரனுக்குத்தான் இப்படிப் புத்தி போகும்.

"மகளே" என்ற சொல் அதில் மூன்று தடவை வரும். முதல் தடவை எழுத்தின் அளவு பதினாறு பாயிண்ட். அடுத்தது இருபத்தெட்டு. மூன்றாவது நாற்பத்தெட்டு, பக்கத்தின் அகலத்துக்கும். கீழே "இருள்" என்பது வரவரச் சின்னதாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் போகும். "விதியே" என்பதைச் சாய்த்துப் போட்டிருந்தேன். லேசர் பிரிண்டில் டிரேசிங் பேப்பரில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு அடைத்தது. நன்றாக வந்திருக்கிறது என்றுதான் அடைத்தது. இப்போது அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

மலர் வெளியான அன்று ஆண்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அந்தப் பக்கத்தை லேமினேட் செய்து அமைப்பின் நூலகத்தில் மாட்டினார்கள்.

என் மனைவி அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவள். என் தமிழ் வேலைகளுக்கெல்லாம் பிழை பார்த்தவள் அவள்தான். அந்தக் கவிதையையும் அச்சுக்கு முன்னால் அவள் கையில் கொடுத்தேன். மேலிருந்து கீழே வரை வாசித்தாள். பென்சிலை மேசையில் வைத்தாள்.

"தப்பொண்ணும் இல்லே" என்றாள்.

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

*

மனைவிக்குச் சர்க்கரை உண்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வலது கண் போயிற்று. லேசர் வைத்தார்கள், கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஊசிக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் "பார்ப்போம்" என்பார். அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இவள் பார்க்கவில்லை. போன வருஷம் இடது கண்ணும் போயிற்று. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரியும்.

இப்போது காலையில் நான் பேப்பர் வாசிப்பேன், அவள் கேட்பாள். தலைப்பை வாசிக்கும்போது நான் சத்தத்தை உயர்த்துகிறேனாம். "அமைச்சர் ராஜினாமாவா, இல்லே நீங்க ராஜினாமாவா? மெதுவா படிங்க" என்பாள். கண் போன பிறகு அவள் நாக்குக் கூர்மையாகிவிட்டது என்று நினைத்தேன். முன்பும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் கேட்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த அமைப்பின் செயலாளர் கடைக்கு வந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், ஒரு கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஃபேனுக்குக் கீழே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இந்த வருஷ மலர்ல பழைய நல்ல உருப்படியெல்லாம் திரும்பப் போடுகோம். உம்ம மக கவிதைதான் மொதப் பக்கம்."

"சரி."

"அதே மாதிரி வேணும், கேட்டீரா. அந்தப் பெரிய எழுத்து இருக்கே, அதுதான் அதுக்க உயிரு. பின்னே, மேடையிலயும் நீரு வாசிக்கணும். அக்காவையும் கூட்டிட்டு வாரும்."

சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போனேன். வலியசாலையில் வரிசை வீடுகளில் எங்களுடையது ஒன்று. இரண்டு பக்கமும் சுவர் பொது. மனைவி சாய்வு நாற்காலியில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"படிங்க, கேக்கேன்" என்றாள்.

"உனக்குத்தான் தெரியுமே."

"பாத்திருக்கேன். கேட்டதில்லையே."

பழைய மலரை எடுத்து வாசித்தேன். பதினாறு பாயிண்ட் "மகளே"யைச் சாதாரணமாகச் சொன்னேன். இருபத்தெட்டுக்குக் குரலை ஏற்றினேன். நாற்பத்தெட்டுக்கு என்ன செய்வது? கத்தினேன். பக்கத்து வீட்டு மாமியின் குரல் ஜன்னல் வழியாக வந்தது.

"என்னாச்சு? யாராவது விழுந்துட்டேளா?"

"ஒண்ணுமில்லே மாமி. கவிதை" என்றாள் மனைவி.

"கவிதையா! நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்."

வரவரச் சின்னதாகும் "இருள்"களுக்குக் குரலை இறக்கிக்கொண்டே வந்தேன். கடைசி இருள் எனக்கே கேட்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

"முடிஞ்சுது."

"பெரிசா போட்டதெல்லாம் சத்தமா படிச்சீங்க, சின்னதா போட்டதெல்லாம் முணுமுணுத்தீங்க. இதுக்குள்ள என்ன இருக்கு? மகளே மகளே மகளேன்னா எந்த மக? அவளுக்கு மூக்கு இருந்துதா? எந்தப் பல்லு விழுந்திருந்துது? என்ன அவளுக்குப் புடிக்கும்? ஒண்ணும் இல்லையே. இது ஆரு புள்ளைக்கும் படிக்கலாம். பேர மாத்தி உங்க கடையில விக்கலாம்."

எனக்குக் கோபம் வந்தது. "இருபத்தஞ்சு வருஷம் இத நீ சொல்லல்லையே" என்றேன்.

"பாக்கும்போ கண்ணு அந்தப் பெரிய எழுத்திலேயே போய் நிக்கும். மத்தது ஒண்ணும் கண்ணில படாது. இப்பந்தான் கேக்குது, உள்ளே ஒண்ணும் இல்லேன்னு. ஆனா எனக்கு அது அண்ணைக்கே புடிக்கல்லே."

வாசித்த விதம்தான் தப்பு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அவள் போனில் வாசிக்கும் வசதி உண்டு. அனுப்பிய செய்தியை ஒரு பெண்குரல் படித்துக் காட்டும். அடுத்த நாள் கடையிலிருந்து கவிதையை அவளுக்கு அனுப்பினேன். வாட்ஸ்அப்பில் எழுத்து தடிக்க வேண்டும் என்றால் சொல்லுக்கு இரண்டு பக்கமும் நட்சத்திரக் குறி போட வேண்டும். போட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் போனைத் தட்டி எனக்குக் கேட்கவைத்தாள். அந்தக் குரல், ரயில் வரும் நேரத்தைச் சொல்கிற மாதிரி, "ஸ்டார் மகளே ஸ்டார்" என்றது.

மனைவி சிரித்தாள். நெஞ்சில் கைவைத்துக்கொண்டு சிரித்தாள். "மகளுக்கு ஸ்டார் குடுத்திருக்கீங்களே, ஹோட்டலுக்குக் குடுக்கது மாதிரி" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் செத்தா எனக்கும் இப்படித்தான் அடிப்பீங்க, அல்லே?"

கவிழ்ந்து கிடந்த போனை எடுத்துச் சார்ஜில் போட்டேன்.

"மேடைக்கு வாறேன். ஆனா இதுக்கு வரமாட்டேன். கேக்கது மாதிரி ஒண்ணு எழுதுங்க. எனக்குக் கண்ணில்லே. எழுத்த வெச்சு என்னை ஏமாத்த முடியாது. சொல்ல வெச்சு எழுதுங்க. அவளைப் பத்தி. எனக்குக் கேக்கணும். இனி எத்தனை நாளுன்னு எனக்கே தெரியாது. சிறுநீரகமும் போயிட்டிருக்குன்னு டாக்டர் சொன்னத நானும் கேட்டுட்டுதான் இருந்தேன்."

டாக்டர் அதை என்னிடம் தனியாகச் சொன்னார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்திருக்கிறது.

*

எழுத உட்கார்ந்தேன். பெரிய எழுத்து கிடையாது, தடிப்பு கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. முதலில் எழுதியதில் "பேரிடி" என்று ஒரு சொல். "கொடுங்காலன்" என்று இன்னொன்று. "ஊழித்தீ" என்றும் போட்டிருந்தேன். வாசித்துக் காட்டினேன்.

"இப்ப சொல்லையே பெரிய எழுத்தாக்கிட்டீங்க" என்றாள்.

கிழித்துப் போட்டேன். மூன்று நாள் அவளிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் கடையில் வேலை செய்யும்போதெல்லாம் அந்தப் பேச்சு குடைந்துகொண்டே இருந்தது. "ஊழித்தீ" என்று எழுதினால் அதில் சூடு இல்லை. நான் எழுதிய எந்தத் தீயிலும் ஒரு பீடிகூடப் பற்றவைக்க முடியாது. காய்ச்சல் என்று எழுதினால் சுடுகிறது. மகள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து நான் சொன்னது "காயுது" என்ற சொல். அதை எழுதினேன். அது போதும் என்று தெரிந்தது. பக்கத்தில் வேறு எதுவும் வைக்கத் தேவையில்லை. அதைச் சுற்றியுள்ள சொற்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தால், அது தானாகக் கேட்கிறது.

அப்படியே மெதுவாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருத் தண்ணீரில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். செருப்பு நனையக் கூடாதாம், புதுச் செருப்பு. காலில் ஒரு கீறல் இருந்தது. இதையெல்லாம் ஒவ்வொரு வரியாக எழுதினேன். வாசித்தபோது மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். "செருப்பு" என்ற இடத்தில் நாற்காலிப் பிடியில் தட்டிக்கொண்டிருந்த அவள் விரல் நின்றுவிட்டது. நாற்பத்தெட்டு பாயிண்ட் செய்யாததைச் செருப்பு செய்தது.

"பின்னே?" என்றாள்.

"பின்னே ஆஸ்பத்திரி."

"ஆஸ்பத்திரியில?"

அங்கேதான் கவிதை நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்கு மேல் ஒரு சொல்லும் வரவில்லை. கட்டில் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஜன்னல் இருந்ததா என்று தெரியாது. மகள் என்ன பேசினாள் என்று தெரியாது. தெரியாததற்குக் காரணம் நான் அங்கே இல்லை. காலையில் துணியும் பிளாஸ்கும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுக் கடைக்கு வந்துவிடுவேன். அந்த வாரம் ஒரு கோயில் திருவிழா நோட்டீஸ். மூன்றாம் நாள் மத்தியானம் ஆஸ்பத்திரி காயின் போனிலிருந்து மனைவி கூப்பிட்டாள். சட்டென்று வரச் சொன்னாள். "ஒரு மணிக்கூர்ல வாறேன்" என்றேன். நோட்டீஸில் எழுந்தருளும் நேரம் தப்பாக விழுந்திருந்தது. கமிட்டிக்காரர்கள் தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார்கள். நாலரைக்குத்தான் போனேன்.

இருள் என்றும் விதி என்றும் பெரிதாக அடித்தது இதை மூடத்தான். ஒன்றும் தெரியாதவனுக்குப் பெரிய எழுத்து வசதி. சரியான சொல் வேண்டும் என்றால் சம்பவ இடத்தில் இருந்திருக்க வேண்டும், அல்லது இருந்தவரிடம் கேட்க வேண்டும். இருந்தவள் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் நான் கேட்கவில்லை. கேட்டால் வேதனைப்படுவாள் என்று வெளியே சொல்லிக்கொண்டேன். யாருடைய வேதனைக்குப் பயந்தேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் துவைத்த துணிகளைத் தடவித் தடவி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணைக்கு மத்தியானம் என்ன நடந்துது?" என்று கேட்டேன்.

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. மடித்துக்கொண்டிருந்த சட்டையை மடித்து முடித்தாள்.

"கேக்கதுக்கு இத்தனை வருஷமா?"

"ஆமா."

"கவிதைக்கா கேக்கீங்க?"

பொய் சொல்லவில்லை. "கவிதைக்குந்தான்" என்றேன்.

மடித்த சட்டையை அடுக்கின் மேல் வைத்தாள். பிறகு சொன்னாள். அழவில்லை. அலுவலகத்தில் கோப்பு வாசிக்கிற மாதிரி சொன்னாள்.

"பன்னெண்டரைக்கு கேன்டீன்ல இருந்து கஞ்சி வாங்கினேன். கஞ்சி, பயறு, ஒரு பப்படம். கஞ்சி வேண்டாம்னுட்டா. பப்படம் தாம்மான்னு கேட்டா. குடுத்தேன். பாதி தின்னா. மீதி பாதிய எனக்குத் தரல்லே. அப்பாவுக்குன்னு சொல்லி, கட்டிலுக்குப் பக்கத்தில அந்தச் சின்ன அலமாரி இருக்குமே, அதுக்க மேல வெச்சா. நான் வைக்கப் போனா சம்மதிக்கல்லே. அவளே எக்கி வெச்சா. பொறவு மூச்சு ஒரு மாதிரி ஆயிட்டுது. எனக்கு வெப்ராளம், கையும் காலும் ஓடல்லே. உங்களை போன்ல விளிச்சேன். ரெண்டு மணிக்கு ஐசியுக்குக் கொண்டு போயிட்டாவ. நான் அந்த வாசலுக்கும் வார்டுக்கும் நடந்துட்டிருந்தேன். நாலரைக்கு நீங்க வந்தீங்க."

"பின்னே?"

"வார்டில காலிக் கட்டில்ல இருந்தீங்க. நான் டாக்டர் சொன்னத சொல்லிட்டிருக்கேன். நீங்க கேட்டுட்டே அந்தப் பப்படத்த எடுத்துத் தின்னீங்க. காலையில இருந்து ஒண்ணும் தின்னிருக்கமாட்டீங்க, அது எனக்குத் தெரியும். தின்னுட்டு, நமத்துப் போச்சுன்னு சொன்னீங்க."

எனக்கு அது நினைவில் இல்லை. இப்போதும் இல்லை. எத்தனை முறை யோசித்தாலும் அந்த வார்டில் என் கை பப்படத்தை எடுப்பது கண்முன் வரமாட்டேன் என்கிறது. ஆனால் அது நடந்தது. நமத்துப் போச்சு என்பது நான் சொல்லக்கூடிய சொல்தான். வீட்டில் எந்தச் சாப்பாட்டிலும் அப்படி ஒரு குற்றம் கண்டுபிடிக்கிறவன் நான்.

"நீ ஏன் சொல்லல்லே?" என்றேன்.

"அப்ப சொல்லியிருந்தா என்ன செய்திருப்பீங்க? அதையும் பெரிசாக்கி அடிச்சிருப்பீங்க."

அடுத்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். என் வேட்டி அது. ஓரம் ஓரமாகச் சேர்த்து, வயிற்றில் வைத்து நீவி மடித்தாள்.

*

அன்றைக்கே எழுதினேன். முதல் தடவை எழுதும்போதும் ஏமாற்றினேன். கடைசி வரியில் "அதில் ருசி இல்லை" என்று வைத்தேன். கேட்க நன்றாக இருந்தது, கொஞ்சம் தத்துவம் மாதிரியும் இருந்தது. வாசித்தேன்.

"நீங்க அப்படிச் சொல்லல்லையே" என்றாள்.

"கவிதைக்கு இதுதான் ஒத்துவரும்."

"உங்களுக்குத்தான் ஒத்துவரும். சொன்ன வார்த்தைய வைங்க."

வைத்தேன். காகிதத்தில் வைத்துவிட்டேன், ஆனால் அவளுக்கு வாசித்துக் காட்டவில்லை. நாளை வாசிக்கிறேன் என்று சொல்லித் தள்ளினேன். நாலைந்து நாள் போயிற்று. அவளும் கேட்கவில்லை.

செயலாளர் மலருக்காகக் கடைக்கு வந்தார். அந்தத் தாளைக் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"இது என்னவோய்? கவிதை எங்க? பப்படம்தானே இருக்கு?"

"அதுதான் கவிதை."

"அந்தப் பழைசு இருக்கே, அதப் படிச்சா ஆளுக அழுவாவ. இதப் படிச்சா கஞ்சி குடிக்கத் தோணும்." சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "கோவிக்காதீரும். வேணும்னா அந்த நமத்துப் போச்சுங்கத மட்டும் கொஞ்சம் போல்டு பண்ணும். சனங்களுக்கு மனசிலாகணும்லா?"

தாளை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஓரம் கிழிந்துவிட்டது. ஒரு கவிதையும் கிடையாது, மலரையும் வேறு கடையில் அடித்துக்கொள்ளும் என்றேன். இன்னும் சில வார்த்தைகளும் சொன்னேன், அவை அச்சில் ஏறாது. பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. இருபத்தைந்து வருஷம் நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். தடிப்பாக்கினால் மனசிலாகும் என்று அந்தக் கூட்டத்தைப் பழக்கியவன் நானே.

கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனேன். மத்தியானம் மூன்று மணி இருக்கும். மனைவி அப்போதுதான் இன்சுலின் போட்டுச் சாப்பிட்டு முடித்திருந்தாள். என் செருப்புச் சத்தத்திலேயே தெரிந்திருக்க வேண்டும்.

"யாரு கூடயோ சண்டை போட்டிருக்கீங்க."

"ஆமா. படிக்கேன், கேளு."

நின்றுகொண்டே வாசித்தேன். செருப்பைக் கையில் பிடித்து நடந்தது, காலில் கீறல், "காயுது" எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

கஞ்சியோடு ஒரு பப்படம் வந்தது.
பாதியைத் தின்றாள்.
மீதியை எக்கி அலமாரி மேல் வைத்து
அப்பாவுக்கு என்றாள்.
நாலரை மணிக்கு அப்பா வந்தேன்.
கட்டில் காலி.
பப்படத்தை எடுத்துத் தின்றேன்.

இங்கே நின்றுவிட்டேன். இன்னும் ஒரே வரி. இரண்டு சொல், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை எந்தச் சமையலறையிலும் கேட்கிற சொல். பெரிதாக்கவும் முடியாது, சின்னதாக்கவும் முடியாது. கத்தினால் அபத்தம், முணுமுணுத்தால் ஏமாற்று. அன்றைக்குச் சொன்ன அதே குரலில்தான் சொல்ல வேண்டும். அவள் முகத்தை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவற்றைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

நமத்துப் போச்சு என்றேன்.

பக்கத்து வீட்டிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

மனைவி மேல்துண்டின் நுனியை எடுத்துச் சுருட்டினாள், விரித்தாள். பிறகு, "இன்னொருக்க படிங்க" என்றாள். படித்தேன். "இன்னொருக்க" என்றாள். மூன்றாம் தடவை சுவரைப் பார்க்காமல் படித்தேன்.

"இது அவதான்" என்றாள். கொஞ்சம் கழித்து, "இது நீங்கதான்" என்றாள்.

இரண்டாவதை அவள் எந்தத் தொனியில் சொன்னாள் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

"இத யாருக்கும் குடுக்காண்டாம்" என்றாள். தரமாட்டேன் என்றேன். இப்போது இதை எழுதுவதற்கு அவளிடம் கேட்டேன். "கதையா எழுதுங்க, போகட்டு. எழுத்து மட்டும் சின்னதா இருக்கட்டு" என்றாள்.

வாரத்துக்கு மூன்று நாள் இப்போது டயாலிசிஸுக்குப் போகிறோம். நாலு மணி நேரம் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். கடையைச் சாத்திவிட்டுத்தான் போகிறேன். சில நாள் அந்தக் கவிதையைப் படிக்கச் சொல்வாள், சில நாள் பேப்பரே போதும் என்பாள். அவள் என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.